நடவன்று வந்த ஒன்பது விமானங்கள்

நில உச்சவரம்புச் சட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் கிடைத்தது. மேடை போட்டு, மைக் கட்டி, பட்டாவைக் கையில் கொடுத்தார்கள். நிலத்தைக் கொடுக்கத்தான் யாரும் வரவில்லை. அதுவரை நிலத்தை வைத்திருந்த பண்ணையார் கோர்ட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் நிலத்தில் இறங்கக் கூடாதென்ற தடையுத்தரவு இன்று வரும், நாளை வரும் என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து சேதி வந்துகொண்டே இருந்தது.

எங்கள் பக்கத்தில் நட்ட பயிரில் எவரும் கைவைக்க மாட்டார்கள். வெட்டுக்குத்து நடந்த காலத்தில்கூடப் பண்ணை ஆட்கள் நாற்றைப் பிடுங்கியதில்லை. அது பெரும் பாவம். ஆகவே உத்தரவு வருவதற்குள் நட்டுவிட வேண்டும். தெருவே திரண்டு வந்தது. பெண்கள் குலவையிட, அம்மா முதல் நாற்றை ஊன்றினாள். எனக்குப் பதினேழு வயது; அவள் பக்கத்தில் நட்டேன். பண்ணையின் காரியக்காரர் நாலைந்து ஆட்களோடு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி வயல் நட்டிருப்போம். தலைக்கு மேல் வெடித்தாற்போல் அப்படி ஒரு சத்தம். துப்பாக்கிதான் என்று நினைத்தேன். கூலிப் போராட்டத்தில் என் தாய்மாமா சுடப்பட்டுச் செத்த ஊர் அது. நான்தான் முதலில் விழுந்தேன், நட்ட நாற்றின் மேலேயே குப்புற. மற்றப் பெண்களும் விழுந்தார்கள்.

வந்தவை விமானப்படையின் சாகச விமானங்கள், ஒன்பது. நாகூர்ப் பக்கம் கடற்கரையில் நடக்கவிருந்த காட்சிக்கு ஒத்திகையாம். வண்ணப் புகை விட்டுக்கொண்டு, ஒன்றாகச் சாய்ந்து திரும்பிப் போயின. வரப்பில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது.

அம்மா மட்டும் விழவில்லை. நிமிர்ந்து வானத்தைப் பார்க்கவும் இல்லை. குனிந்தபடியே நட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து நாங்களும் எழுந்தோம்.

பொழுது சாயும் நேரத்தில் உத்தரவோடு கோர்ட் அமீனா வந்தார். வயல் முழுக்க நாற்று நின்றது. காரியக்காரர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அமீனா நிலம் எங்கள் கையில், பயிர் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வாய்க்காலில் கை கழுவும்போது கேட்டேன்.

"ஒனக்குப் பயமே இல்லையாம்மா?"

"ஏன் இல்லாம? ஒம் மாமன சுட்ட அன்னைக்கிக் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. காலு ரெண்டும் வெடவெடன்னுச்சு. விழுந்தா நாத்து நசுங்கிடுமேன்னு நின்னுட்டேன்."

மறுநாள் காலையில் வயலுக்குப் போய்ப் பார்த்தேன். நான் விழுந்த இடத்தில் ஒரு நாற்றுகூடச் சாய்ந்திருக்கவில்லை. அம்மா எப்போது வந்து மறுபடி ஊன்றினாள் என்று தெரியவில்லை. அதை அவள் கடைசிவரை என்னிடம் சொல்லவே இல்லை.