பிரிக்காத பொட்டலம்

மாரித் தாயை நம்பி இருக்கும் என் உறவுகளே, மூச்சு விடவே முடியாமல் கிடந்தவளின் கதை இது.

நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன மில்லில் பதினொரு வருடமாகத் தாது உப்பு கலக்கும் வேலை எனக்கு. முகத்தில் எத்தனை துணி கட்டினாலும் தூசி நெஞ்சுக்குள் போய்விடும். போன பங்குனியில் பிடித்த இருமல் விடவே இல்லை. இனித் தூசியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் குடும்பம் நடக்காது. மில் லேப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. வரும் மூட்டையைச் சோதித்துச் சரியான பெயர் எழுதி ஒட்ட வேண்டும். கண்ணாடி அறை, தூசி கிடையாது. ஆனால் பரீட்சை எழுத வேண்டும். பெயர் கொடுத்தால் ஃபார்முலா, ஃபார்முலா கொடுத்தால் பெயர்.

நானும் பிளஸ் டூ படித்தவள்தான். சாப்பாட்டு உப்பு, சுண்ணாம்பு என்றால் எழுதிவிடுவேன். இரும்பு, செம்பு, மாங்கனீசு வந்தால் தொலைந்தேன். இவை ஒரே மின்சுமையில் நிற்காது. இரும்பு ஓரிடத்தில் இரண்டு, இன்னோரிடத்தில் மூன்று. அந்த எண்ணையும் பெயரோடு அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணாக எழுத வேண்டும். முதல் பரீட்சையில் Fe₂O₃ என்று கொடுத்திருந்தார்கள். இரும்பின் காலடியில் சின்னதாக இரண்டு இருக்கிறதே என்று இரும்பு(II) ஆக்சைடு என்று எழுதி வைத்தேன். இப்படியே பாதிக்கு மேல் தப்பு.

லேப் மேடம் என்னைவிட வயதில் சின்னவர். "அக்கா, அந்த ரெண்டு, இரும்பு எத்தனைன்னு சொல்லுதுங்க. சுமையைச் சொல்லலீங்க. வர்ற வெள்ளிக்கிழமை இன்னொருக்கா எழுதுங்க. அதுக்கு மேல என்னால எடத்தைப் புடிச்சு வெக்க முடியாதுங்க" என்றார்.

படித்தேன். மண்டையில் ஏறவில்லை. உடம்பும் மனசும் அலுத்துவிட்டன. உண்மையைச் சொல்கிறேன், ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டவில்லை. விட்டுவிட உத்தரவு வாங்கத்தான் வியாழன் சாயங்காலம் எங்கள் ஊர் மாரியம்மனிடம் பூக்கேட்கப் போனேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், எதில் எது என்று தெரியாதபடி மடித்து அவள் காலடியில் வைத்தார்கள். வெள்ளை வந்தால் எழுதுவது, சிவப்பு வந்தால் விடுவது. சிவப்பைக் கொடு தாயே என்று இருமலும் அழுகையுமாக நின்றேன்.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "இன்னொண்ணையும் பிரிங்க சாமி" என்றேன்.

"அதை எதுக்கு அம்மிணி பிரிக்கோணும்? இதுல வெள்ளைன்னா அதுல செவப்புதான்."

திரும்பும்போது பஸ்ஸில் அவர் சொன்னதே மனதில் ஓடியது. சட்டென்று விளங்கியது. ஆக்சைடின் சுமை எப்போதும் எதிர் இரண்டு. அது பிரித்துவிட்ட பொட்டலம். அந்த Fe₂O₃-இல் மூன்று ஆக்சைடுக்கு எதிர் ஆறு. மொத்தத்தில் சுமை மிஞ்சக் கூடாது. அப்படியானால் இரண்டு இரும்புக்கும் சேர்த்து நேர் ஆறு, ஆளுக்கு மூன்று. இரும்பு(III) ஆக்சைடு! இரும்பைப் பிரித்துப் பார்க்கவே வேண்டாம். பஸ்ஸிலேயே கை கூப்பிவிட்டேன்.

மறுநாள் பரீட்சையில் MnO₂ வந்தது. இரண்டு ஆக்சைடுக்கு நான்கு. மாங்கனீசு(IV) ஆக்சைடு என்று எழுதினேன். மேடம் திருத்திவிட்டு, "அக்கா, ஒண்ணுகூடத் தப்பில்லீங்க" என்றார். மேசையிலேயே தலை கவிழ்ந்து அழுதேன்.

இப்போது கண்ணாடி அறையில் இருக்கிறேன். இருமல் முழுதாகப் போகவில்லை, படியேறினால் இன்னும் இழுக்கிறது. ஆனால் மூச்சு வருகிறது. உங்களுக்கும் வேண்டாத பூ வந்திருந்தால் அம்மனோடு சண்டை போடுங்கள், ஆனால் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். நான் சிவப்பைக் கேட்டுத்தான் அழுதேன். என் நல்ல காலம், அவள் அதைப் பிரிக்கவே இல்லை.