உடுமலையிலிருந்து மங்கலம்: பன்றிப் பட்டிக்குள் ஆசிட்

1968 ஐப்பசியில் உடுமலைப்பேட்டையில் என் நான்கு பன்றிகளும் காய்ச்சலில் அடுத்தடுத்துச் செத்தன. சாணத்தின் மேலேயே பினாயிலைக் கொட்டினால் எந்தக் கிருமி சாகும் என்று கால்நடை டாக்டர் அப்புறம் வந்து திட்டினார். மங்கலத்தில் என் தம்பிக்கு இருந்தது ஒரே ஒரு சினைப்பன்றி. அங்கேயும் நோய் பரவுகிறது என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன். அவன் சலவைப் பட்டறையில் துணி வெளுப்பவன். மருந்து போடுகிறேன் என்று எதையாவது செய்து தொலைப்பானே என்றுதான் அந்த அவசரம்.

காலை ஆறரைக்குப் பல்லடம் பஸ், டிக்கெட் ஒன்றே கால் ரூபாய். பல்லடத்தில் மங்கலம் வண்டிக்கு ஒரு மணி நேரம் காய்ந்தேன். அங்கே குடித்த டீயை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

தம்பி என்னைப் படலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டான். “அங்கயே நில்லுங்கக்கா. உங்கூட்டுல பன்னி செத்திருக்குது. உங்க காலோட வந்தா என்ற பன்னியும் போயிருமுங்க.”

சுருக்கென்றது. ஆனாலும் அவன் சொன்னது நியாயம்தானே? நின்றேன்.

தாழ்ந்த தகரக் கொட்டகைக்குள் அவன் மனைவி சரசு பன்றியைப் பிடித்திருந்தாள். தரையெல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைசல். பட்டறையில் துணியைப் பிளீச்சிங்கில் ஊறவைத்து, பிறகு ஆசிட் தண்ணீரில் முக்குவார்கள். பட்டிக்கும் அதே முறைதான் என்று ஆசிட் ஜாடியைத் தூக்கினான் தம்பி.

“ஊத்தாதடா!” என்று கத்தினேன். ஊற்றிவிட்டான்.

பச்சை மஞ்சளாய்ப் புகை கிளம்பியது. சரசு இருமியபடியே சுருண்டாள். வாசலில் நின்ற தம்பி கண் தெரியாமல் தடுமாறினான். நான் படலைத் தள்ளிக்கொண்டு ஓடி, மூச்சை அடக்கி, அவளை வெளியே இழுத்துப் போட்டேன். பன்றியும் பின்னாலேயே பாய்ந்து வந்தது. சரசுவுக்கு மூச்சு சீரானதும் தம்பி என் கால்களையே பார்த்தான்.

பத்து நாளில் பன்றிக்குக் காய்ச்சல் கண்டு, காது ஊதா நிறமாகிச் செத்தது.

பன்றி செத்த வீட்டிலிருந்து போகிறவர்கள் பட்டிப் பக்கமே போகாதீர்கள். மருந்து போடுமுன் பன்றியை வெளியேற்றி, சாணத்தைச் சுரண்டிக் கழுவுங்கள். சூடான சலவைச் சோடாத் தண்ணீர் போதும், காய்ந்த பிறகு பன்றியை விடுங்கள். பிளீச்சிங்கும் ஆசிட்டும் ஒருபோதும் சேரக்கூடாது.

நோய் என் காலோடு போனதா, ஊரிலேயே இருந்ததா, டாக்டருக்கும் தெரியவில்லை. தம்பியும் கேட்டதில்லை. இன்னொரு முறை அப்படி நடந்தாலும் நான் உள்ளேதான் ஓடுவேன்.