கம்ப்யூட்டருக்கு வைத்த சந்தனம்

ஆடி முதல் தேதி என் பெயர் மடப்பள்ளி நோட்டில் ஏறப்போகிறது என்று வீட்டில் முடிவானபோது என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றவும் இல்லை. மலைமேல் கோவில் மடப்பள்ளியில் முப்பது வருஷம் அண்டாக் கரண்டி பிடித்ததில் அப்பாவுக்கு வலது மணிக்கட்டு போய்விட்டது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வரும். எங்கள் குடும்பத்திலிருந்து ஒரு ஆள் குறையக்கூடாது. மிச்சமிருந்த ஒரே ஆள் நான்தான்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தினமும் ரயிலில் சென்னைக்குப் போய் அனிமேஷன் படித்து முடித்திருந்தேன். அங்கே ஒரு சின்ன ஸ்டுடியோவில், "ஒரு நிமிஷம் ஓடற படம் ஒண்ணு நீயே பண்ணி எடுத்துட்டு வா, நல்லா இருந்தா சேர்த்துக்கறோம், இந்த மாசக் கடைசிக்குள்ள வந்துடு" என்று சொல்லியிருந்தார்கள். அந்த மாதக் கடைசி போய் ஆனி முடியும்வரை பொறுக்கலாம் என்று கேட்டு வாங்கியிருந்தேன். அதற்கு மேல் கேட்க முடியாது. கேட்டாலும் பயனில்லை, ஆடி பிறந்துவிடும். நோட்டில் பெயர் ஏறியவர்கள் யாரும் மலையை விட்டுப் போனதாக நான் கேள்விப்பட்டதே கிடையாது.

என் படத்தில் ஒரு கறுப்புக் குடை மலைப்படியில் தானாகத் தத்தித் தத்தி இறங்கி, கீழே வந்து, ரயிலேறிப் போய்விடும். அவ்வளவுதான் கதை. அப்பா ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "குடை ஏன்டா இறங்குது? சாமியப் பார்க்க ஏறித்தானே போகணும்?" என்றார். நான் குடையை இன்னொரு படி இறக்கினேன்.

குடையை முடிக்கும்போது ஆனியில் பத்து நாள்தான் மிச்சமிருக்கும் என்று இரண்டு நாள் முன்பே தெரிந்துவிட்டது. சென்னைக்குக் கொண்டுபோக ஒருநாள் போனால் ஒன்பது. ஒரு நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு படங்கள். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்கப் பத்தரை நிமிஷம். இரவும் பகலும் ஓடினாலும் பதினோரு நாள். எத்தனை தடவை பெருக்கினாலும் அதே பதினோரு நாள்தான் வந்தது. பைத்தியம் பிடிக்காத குறை.

ஒரே வழி, பிராசஸரை அதன் தகுதிக்கு மேல் விரட்டுவது. ஓவர்கிளாக் என்பார்கள். என்னுடையது மலிவு பிராசஸர். மதர்போர்டில் நூறு என்று ஒரு துடிப்பு, அதை உள்ளே இருபதால் பெருக்கி இரண்டாயிரத்தில் ஓடும். அந்த இருபதைத் தொட முடியாது, பூட்டியிருப்பார்கள். நூறைத்தான் ஏற்றவேண்டும். நூற்றிருபத்து நாலாக்கினால் என் பதினோரு நாள் ஒன்பதுக்குள் அடங்கும். ஆனால் மெமரியும் அதே துடிப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. என் பழைய மெமரி அந்த வேகத்துக்குத் தாங்காது. வேகமான மெமரி வேண்டும், அதுவும் உண்மையாகவே வேகமானது.

மறுநாள் முதல் ரயிலில், சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடிக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். எல்லாக் கடையிலும் வேகம் 'நானூறு' என்று ஸ்டிக்கர் ஒட்டிய மெமரி இருந்தது. ஸ்டிக்கரை நம்பினால் அம்போதான் என்று எனக்குத் தெரியும். சிப்பின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருக்கும். அது ஐந்தில் முடிந்தால் நிஜமான நானூறு. ஆறில் முடிந்தால் மெதுவான சரக்குக்கு வேஷம் கட்டியிருக்கிறார்கள். ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போச்சு. ஓரத்துச் சிப்பு மட்டும்தான் வெளியே தெரியும், அதுவும் வெயிலில் சாய்த்துப் பிடித்தால். ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். ஆறு, ஆறு, ஆறு.

"இன்னா சார், எல்லாத்தையும் சூரியனுக்குக் காட்டிகினு கீற? ஸ்டிக்கர்லயே போட்டுகீதே" என்றார் கடைக்காரர்.

ஐந்தாவது கடையில் ஐந்தில் முடியும் ஒன்று கிடைத்தது. சட்டைப் பையில் வைத்து, எங்கள் ஊர் திருத்தணி வரும்வரை அதன்மேல் கையை வைத்தபடியே வந்தேன். நெஞ்சுவலிக்காரன் என்று எதிரே இருந்தவர் எழுந்து ஜன்னலோரம் இடம் கொடுத்தார்.

பொருத்தி, நூற்றுப் பத்து, நூற்றுப் பதினெட்டு என்று படிப்படியாக ஏற்றினேன். நூற்றிருபத்தாறில் திரை இருண்டது. நூற்றிருபத்து நாலில் நின்றது. மெமரியைச் சோதிக்கும் ப்ரோகிராமை மத்தியானம் முழுக்க ஓட்டினேன். ஒரு பிழைகூட இல்லை. நான் தேர்ந்தெடுத்ததாயிற்றே என்று தலைகால் புரியவில்லை. எங்கள் ஊர் வெயிலுக்குப் பயந்து கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பினேன். மடப்பள்ளி அனலில் வெந்துவிட்டு வரும் அப்பா விசிறிமட்டையோடு கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஆறாம் நாள், ஆயிரத்தை எட்டிவிட்டோமே என்ற சந்தோஷத்தில் முடிந்த படங்களைத் திறந்து பார்த்தேன். முதல் நாள் படங்கள் நன்றாக இருந்தன. அதற்குப் பிறகு, ஒன்றில் குடை பாதியில் அறுந்து கீழே சாம்பல் நிறப் பட்டை. அடுத்தது திறக்கவே இல்லை. அதற்கடுத்ததன் பெயரே கிறுக்கலாக மாறியிருந்தது. பாதிக்கு மேல் பாழ். மிச்சமிருந்தது மூன்று நாள்.

குனிந்து கேபினட்டுக்குள் பார்த்தேன். மெமரியின் மேல் விளிம்பில் வட்டமாகக் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம். கொஞ்சம் வழிந்து பொருத்தியிருந்த பள்ளம்வரை இறங்கியிருந்தது.

எங்கள் வீட்டில் அது வழக்கம்தான். சாமி மேலிருந்து எடுத்த சந்தனத்தை அப்பா இலையில் மடித்துக் கொண்டுவருவார். வயிற்றுவலிக்கு அதுதான், வீங்கிய மணிக்கட்டுக்கும் அதுதான். புது சைக்கிள், புது குக்கர், என் மார்க் ஷீட் எதுவும் அதற்குத் தப்பியதில்லை.

"புதுசா ஏதோ வாங்கிட்டு வந்தியே, நல்லபடியா ஓடணுமேன்னு கொஞ்சூண்டு வச்சேன்டா" என்றார், வாசற்படியில் நின்றபடி.

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "நான் இந்த ஊர விட்டுப் போகக்கூடாதுன்னுதானே பண்ணீங்க? இனிமே இந்த ரூம் பக்கமே வராதீங்க" என்றேன். அப்பா தன் விரலைப் பார்த்தார். துண்டில் அதைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடி முதல் தேதி என் பெயர் நோட்டில் ஏறியது. விடியுமுன் மலையேறி, குளித்து, ஈர வேட்டியோடு அடுப்பு மூட்டி, புளியோதரைக்குச் சாதம் ஆறவைப்பேன். மடப்பள்ளி ஜன்னலிலிருந்து ரயில் தெரியும், தீப்பெட்டி அளவுக்கு. முதலில் பார்ப்பேன், பிறகு அந்தப் பக்கம் திரும்புவதை விட்டுவிட்டேன். மூச்சு முட்டும்போதெல்லாம் அப்பாவின் சந்தனத்தை நினைத்துக்கொள்வேன். கோபப்பட ஒரு ஆள் இருந்தது அப்போது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. அப்பா அந்த அறைக்குள் பிறகு வரவே இல்லை. சாப்பிடக் கூப்பிடவேண்டுமென்றாலும் கூடத்திலிருந்தே குரல் கொடுப்பார்.

தை மாதம் எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று கழற்றி, பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தவரிடம் கொண்டுபோனேன். கேபினட் மட்டும் வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் அது வீட்டிலேயே கிடந்தது. மெமரியிலிருந்த சந்தனத்தை நான் சுரண்டப் போனேன்.

"இருக்கட்டும் சார், கடைக்கு நல்லதுதான்" என்று அப்படியே பொருத்தினார். ஓடியது. அவர் சோதித்துப் பார்த்தார், ஒரு பிழை இல்லை.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நூத்தி இருபத்தி நாலா? உங்க போர்டுல அத ஏத்தினா ஹார்ட் டிஸ்க் போற லைனும் கூடவே ஏறிடும் சார். அது தாங்காது, மொதல்ல தெரியாது, போகப் போகத் தப்பும் தவறுமா எழுதிகினே இருக்கும். மெமரி என்னா பண்ணும்? நல்ல மெமரியாத்தான் எடுத்துகீறீங்க."

கொடியடுப்பு தெரியாத வீடா எங்கள் வீடு? பெரிய அடுப்பில் தீயைத் தள்ளினால் பக்கத்துக் கொடியடுப்பில் பால் பொங்கி வழியும் என்பது ஐந்து வயதிலேயே தெரியும். சோறு சீக்கிரம் வேகவேண்டும் என்று பாலை மறந்துவிட்டேன். சமையற்காரன் பிள்ளை செய்கிற தப்பா இது? அத்தனை கடை ஏறி இறங்கி மெமரியைப் பார்த்தவன், அந்தத் துடிப்பில் இன்னும் என்னவெல்லாம் ஓடுகிறது என்று பார்க்கவில்லை. சந்தனத்துக்கும் எதற்கும் சம்பந்தமே இல்லை.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அப்பாவிடம் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அப்பா கூடத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று காலை மலையிலிருந்து நான் கொண்டுவந்திருந்த சந்தனத்தை எடுத்து அவர் மணிக்கட்டில் தடவினேன். ஆரம்பித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"கைய நல்லா கழுவிக்கோடா" என்றார் அப்பா. "அப்படியே உள்ள போயிடாத. உன் மிஷின் மேல பட்டுடப்போவுது."

உள்ளே காலிக் கேபினட் மட்டும்தான் இருந்தது.

"சரிப்பா" என்று எழுந்துபோய்க் கையைக் கழுவினேன்.