அச்சுக்கு ஊற்றிய எண்ணெய்

அரைக் கொட்டாங்குச்சி விளக்கெண்ணெய். ராசிபுரத்துச் சாயப்பட்டறையில் மூன்றாவது தொட்டிக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கும். "அந்தக் காலத்து ஆளுகளுக்கு இரும்பு உடம்பு" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கொட்டாங்குச்சி நினைவு வருகிறது, கூடவே கோபமும். இந்த வாரத்தில் மட்டும் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். மூவரும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.

நானும் அப்படித்தான். இரண்டாம் உலக யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முன்பு அங்கே சுற்றிக் கட்டிய நூல் சிட்டங்களை எண்ணி எழுதும் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். தொட்டியில் முக்கிப் பிழிபவர் சாயக்கார அக்கா. தோலை அரிக்கும் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர். நாளுக்கு இருநூற்று நாற்பது சிட்டம், ஒவ்வொன்றையும் நான்கு முறை பிழிய வேண்டும். காலை, உச்சி, சாயங்காலம் என்று மூன்று முறை கையைக் கழுவித் துடைத்து முழங்கைவரை எண்ணெய் தடவுவார். "கை இருந்தாத்தானுங்க கஞ்சி" என்பார்.

ஒரு நாள் ஒன்பது சிட்டங்களில் சாயம் பிடிக்காமல் திட்டு விழுந்தது. முதலாளி எண்ணெயின்மேல் பழி போட்டார். "பொம்பளைக்கு மினுக்குக் கேக்குது. எடுத்து வண்டி அச்சுக்கு ஊத்துங்க." எடுத்தேன். ஊற்றினேன்.

மறுநாள் எட்டுச் சிட்டத்தில் திட்டு. அதற்கு மறுநாள் பத்து. விறகை மிச்சம் பிடிக்க நூலை அரைகுறையாக வேகவைத்ததுதான் காரணம். எழுதிக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டினேன். "உங்களை எண்ணறதுக்குத்தான் வச்சிருக்குது, ரோசனை சொல்ல இல்லீங்க" என்றார். திரும்பி வந்து சிட்டம் எண்ணினேன்.

அக்காவின் கை வெடித்தது. சோற்றைப் பிசைய முடியாமல் இலைத் தொன்னையில் கூழாகக் கரைத்துக் குடித்தார். ஒரு நாள் என் மேசைமேல் இரு கைகளையும் விரித்தார். "ஏனுங்க கணக்குப்பிள்ளை, ஊரு நூலையெல்லாம் எண்ணறீங்க, இதையுங் கொஞ்சம் எண்ணுங்க சாமி." பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்தார். வலக்கையில் பதினொரு வெடிப்பு, இடக்கையில் ஒன்பது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்ணெயை எடுத்த நாற்பத்தோராம் நாள் காலை, வண்டிக்காரர் மூங்கில் குழாயிலிருந்து அச்சுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அக்கா நேரே போய்க் குழாயை வாங்கி, முதலாளி பார்க்கப் பார்க்கத் தன் கையில் ஊற்றித் தேய்த்தார்.

"வண்டி நின்னுபோயிருமுன்னு அச்சுக்குப் போடறீங்க. இந்தக் கை நின்னுபோனா நூலை ஆருங்க முக்கறது? நீங்க வாரீங்களா?"

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று எண்ணெய்க் கையோடு முக்கிய நூலிலும், எண்ணெய் இல்லாத நாளைப் போலவே, திட்டு எட்டுச் சிட்டத்தில்தான்.

கொட்டாங்குச்சியை நானே திரும்ப மாட்டினேன். வெடிப்புகள் ஆறின. வலக்கையின் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் அதற்குப் பிறகு முழுதாக மடங்கவே இல்லை.

இரும்பு உடம்பாம். இரும்பு அச்சுக்குக்கூட எண்ணெய் விட்டார்கள். அந்த நாற்பது நாளும் ஆணி வெறுமையாக இருந்தது. எடுத்த கை என்னுடையது. அதில் ஒரு வெடிப்பும் இல்லை.