ஊறிக் கிடந்த பயறு

அந்தச் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் விசேட வகுப்பில் நின்றேன். கரும்பலகையில் பாதி வசனம் எழுதியிருந்தபோது அதிபர் வாசலில் வந்து நின்றார். "ஜெமீலா டீச்சர் மௌத்தாயிட்டாவாம். விடிய சுபஹு தொழுதிட்டு முசல்லாப் பாயிலேயே சாய்ஞ்சிட்டாவாம்," என்றார். அந்த மரணச் செய்தியைக் கேட்டதும் என் கையில் இருந்த வெண்கட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றும் ஞாபகம் இல்லை. அந்த வகுப்பை நான் ஏன் வைத்தேன் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தில்லையடியில் அவரிடம் கணக்குப் படித்த பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பிழையான விடைக்குக் கூட "வழி சரி, அவசரம்தான் பிழை" என்று எழுதுவாரே, அதே ஜெமீலா டீச்சர்தான். பதினொரு வருடம் ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்துக் கதிரை அவருடையது. படுக்கையில் கிடந்த உம்மாவையும் தங்கை சபீனாவையும் அவர் ஒருவரே பார்த்துக்கொண்டார். மாதத்தில் ஒரு நாள் மட்டும் தனக்கென்று எடுத்துக்கொள்வார். அன்று கற்பிட்டிக்கோ களப்புக் கரைக்கோ போவார். வேறெங்கும் போகமாட்டார்.

முதல் தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனது கற்பிட்டிக்கு. பெரிதாக ஏதோ பார்க்கப்போகிறோம் என்று நினைத்து நான் நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன். அவரோ ஒரு மரத்தடியில் சீலையை விரித்து, பாணும் மீன் பொரியலும் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணித்தியாலம் அடித்துப்போட்டதுபோல் நித்திரை கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நித்திரை கொள்ளவா பஸ் ஏறி வந்தோம் என்று கேட்டேன். "தூரப் போனா களைச்சு வருவம் டீச்சர். கிட்டப் போனாத்தான் இளைப்பாறலாம்," என்றார். மூன்று மணியானதும் எழுந்து சீலையை உதறினார். "வாங்க போவம். வீட்டில பயறு ஊறுது."

அது அவருடைய பழக்கம். எங்கே புறப்பட்டாலும் அன்று காலையில் ஒரு சுண்டு பாசிப்பயறைத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் படி இறங்குவார். அது புளிக்கும் முன் திரும்பி வரக்கூடிய இடங்கள்தான் அவருடைய உலகம். ஒரு முறை ஆசிரியர்கள் எல்லோரும் வான் பிடித்து நுவரெலியாவுக்குப் போகத் திட்டம் போட்டோம். அவர் மாட்டேன் என்றார். எல்லோர் முன்னிலையிலும் நான்தான் வாயைத் திறந்தேன். "உங்கட பயறு முளைச்சிடுமோ?" என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

அன்று இடைவேளையில் என்னிடம் மட்டும் சொன்னார். யுத்த காலத்தில் மன்னாரில் இருந்து முஸ்லிம்களை எல்லாம் இயக்கக்காரர் வெளியேறச் சொன்ன அன்று அவருக்குப் பத்து வயது. அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்கு உம்மா பயறு ஊறப்போட்டிருந்தாராம். ஒலிபெருக்கியில் அறிவித்ததும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடியிருக்கிறார்கள். "தோணி கற்பிட்டிக்கு வந்து சேரும் வரைக்கும் உம்மா அழல்ல டீச்சர். 'பயறு ஊறிக் கிடக்கே, பயறு ஊறிக் கிடக்கே' எண்டுதான் சொல்லிக்கொண்டு வந்தா." யுத்தம் முடிந்த பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தார்களாம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் முட்பற்றையும்தான். "பாத்திட்டு அண்டைக்கே திரும்பிட்டம்," என்றார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போன வருடம் அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "உடப்பில உங்கட வீட்டில ஒரு ராவு தங்கோணும் டீச்சர். வலை காயுற கரையில கொஞ்சம் இருந்திட்டு வரோணும்." உடப்பு என் ஊர், அம்மா இருக்கும் கடற்கரைக் கிராமம். ஒரு மணித்தியாலப் பயணம்தான். வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். இரவில் சபீனா தண்ணீர் மாற்றிவிட்டால் பயறும் புளிக்காது. ஓம், ஓம் என்றேன். மூன்று தடவை நாள் குறித்தோம். மூன்று தடவையும் நான் தள்ளிப்போட்டேன். பரீட்சைத் தாள், காய்ச்சல், மழை என்று ஒவ்வொரு சாட்டு. உண்மையான காரணம் என் அம்மா. கோயில், விரதம் என்று இருக்கும் மனுஷி. எங்கள் வீட்டில் ஜெமீலா டீச்சர் பாய் போட்டுத் தொழுதால் அம்மா முகத்தைச் சுளிப்பாரோ, அதை டீச்சர் கண்டுவிடுவாரோ என்ற பயம். வெட்கக்கேடுதான்.

நாலாவது தடவை அந்த வெள்ளிக்கிழமை. இடைவேளையில் போய், நாளைக்கு விசேட வகுப்பு இருக்கிறது என்றேன். அப்படி ஒரு வகுப்பு இல்லை. சொன்ன பொய் பொய்யாகிவிடக் கூடாதென்று அதன் பிறகுதான் பிள்ளைகளை வரச் சொன்னேன். "பயறு போட்டிட்டு வந்திட்டன்," என்றார். பிறகு, "பரவாயில்ல டீச்சர். வீடு எங்க ஓடப்போகுது," என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

மையித்து வைத்திருந்த அவருடைய வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். சபீனா என் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போனாள். "நெஞ்சு சரியில்ல, கட்டாயம் ஓய்வெடுக்கோணும் எண்டு டொக்டர் சொல்லியிருந்தார் டீச்சர். உடப்புக்குப் போய் எடுக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா," என்றாள். மேசையில் அந்தச் சட்டி இருந்தது. முதல் நாள் களைத்து வந்தவர் அதைத் தொடாமலே படுத்திருக்கிறார். தண்ணீர் நுரைத்து, பயறு வெடித்து, புளித்த வாடை அடித்தது. "இதை என்ன செய்யுற டீச்சர்?" என்று சபீனா கேட்டாள். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் கொட்டினேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். அவருக்காக நான் செய்த ஒரே வேலை அது.

அடக்கம் முடிந்து அடுத்த நாள் உடப்புக்குப் போனேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் பயத்தையும் சேர்த்து. அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். "முன்னறையில பாய் விரிச்சுக் குடுத்திருப்பேனே. அவங்க தொழுறது மேற்குப் பக்கம்தானே. நம்ம கடல் இருக்கிற பக்கம்."

அம்மா திரும்பவும் மீனை எடுத்துக்கொண்டார்.

ஜெமீலா டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பயறுப் பழக்கம். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு சுண்டு பயறை ஊறப்போட்டுவிட்டு உடப்புக்குப் போகிறேன். கரையில் இருக்கிறேன். புளிக்கும் முன் திரும்பி வந்து, அவித்து, தேங்காய்ப்பூப் போட்டுத் தனியாகச் சாப்பிடுகிறேன். என் அம்மாவிடம் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியும் என்னிடம்தான் இருக்கிறது.