உள்ளே போன தலை வெளியே வரவில்லை

தோணிரேவு கிராமத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவது என் தொழில். கல்லூரியில் மாறுவேடப் போட்டி என்று மகள் விண்வெளி வீராங்கனை தலைக்கவசம் கேட்டாள். பிளாஸ்டிக் குடத்தை அச்சாக வைத்து, படகுக்குப் பூசும் பிசினிலேயே செய்தேன். முகத்துக்கு நேரே வெட்டித் திறந்து, அங்கே கறுப்புத் தகடும் ஒட்டினேன்.

காய்ந்ததும் ஆசையாக மாட்டிப் பார்த்தேன். உள்ளே போன தலை வெளியே வரவில்லை. காது மடங்கித் தடுத்தது. காற்றுத் துளை வைக்கவும் மறந்திருந்தேன். மூச்சு முட்டியது. தடவித் தடவித் தெருவுக்கு ஓடினேன்.

இறால் விற்றுவிட்டு வந்த என் மனைவி அலறினாள்.

"யார்யா நீ?"

"நான்தாம்மே!" என்று கத்தினேன்.

குரலை அடையாளம் கண்டு ஓடிவந்து தகட்டைப் பிய்த்தெறிந்தாள். காற்று வந்ததும்தான் உயிர் வந்தது. பிறகு தேங்காயெண்ணெய் ஊற்றி, பக்கத்து வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொள்ள, அவள் இழுத்தாள். தலை வந்துவிட்டது.

"இன்னாயா, நிலாவுக்குப் போற வழியில மாட்டிக்கினியா?" என்று அவள் கேட்க, தெருவே சிரித்தது. நானும்தான்.

அதையே இரண்டாக அறுத்துக் கீல் வைத்துக் கொடுத்தேன். மகள் முதல் பரிசோடு வந்தாள். இப்போது அவள் தோழிகளுக்கும் செய்கிறேன். முதலில் போடுவது காற்றுத் துளைதான். மனைவி பக்கத்தில் இல்லாமல் எதையும் தலையில் மாட்டுவதில்லை.