நனைந்த தொட்டிலும் மூன்று ஊர் உடன்படிக்கையும்

ஆயாக்கொட்டகை வேலையில் முதலில் கெட்டுப்போவது மூக்கு, அடுத்தது தூக்கம். ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டீர்கள். என் வீட்டுக்காரர் மலாயா ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. ஜப்பான்காரன் வந்து, துரை ஓடிப்போனதும் ஆபீசைப் பூட்டிவிட்டார்கள். அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார். கான்வென்டில் பியானோ கேட்டு வளர்ந்த நான், பால்வெட்டுப் பெண்களின் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடப் போனேன்.

கூறைச்சேலை

துணி கிடைக்காமல் பெண்கள் கோணிச்சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்ட நாட்கள் இவை. தொட்டிலுக்கு எங்கே போவது? பெட்டியிலிருந்த என் கூறைச்சேலையை எடுத்துக் கொட்டகை உத்தரத்தில் கட்டி, என் மகளைப் போட்டேன். நல்ல சிவப்பு. பாலெடுத்துவிட்டு வந்த முனியம்மா, மகனை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ஏன் கிராணியம்மா, உங்க மக மூத்திரம் பேயணும்னா உங்கம்மா இவ்வளவு நல்ல சேலையா பாத்து எடுத்தாங்க?"

ஆடு, பன்றி, எருமை

எங்கள் கொட்டகை மேட்டின் மேல். கீழே ஒரு பக்கம் ஆ செங்கின் காய்கறித் தோட்டம், சீனக் குடும்பங்கள். மறுபக்கம் ஆறு, ஆற்றைத் தாண்டினால் மலாய்க்காரர்களின் கிராமம், கம்பம் என்போம். எங்கள் ஆடு ஆ செங்கின் கீரையைத் தின்னும். அவர் பன்றி கம்பத்துக்குள் நுழையும். கம்பத்து எருமை எங்கள் மரவள்ளிக்கிழங்கை மிதிக்கும். மூன்று பேருக்கும் பேச்சு வார்த்தையே கிடையாது.

பிறகு லாரி வந்தது. ஆ செங்கின் தம்பியைக் கொண்டுபோனார்கள். கம்பத்து நெல்லைக் கொண்டுபோனார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆண்களை, சயாமுக்கு ரயில்பாதை போட என்று ஏற்றிப்போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. அடுத்தது எங்கள் தோட்டம்தான் என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரர் வேலைக்குப் போனால், முதுகு மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டே நிற்பேன்.

ஒருநாள் மூன்று ஊரும் என் கொட்டகையில் கூடியது. லாரியை முதலில் பார்க்கிறவர்கள் அடையாளம் காட்ட வேண்டும்: கம்பத்து மலாய்க்கார அம்மா தீமா மாச்சி வேலியில் பாயைப் போடுவார், ஆ செங் கம்பின் உச்சியில் தகர வாளியைக் கவிழ்ப்பார், நான் சிவப்புத் தொட்டிலை வெளியே தொங்கவிடுவேன். எதைப் பார்த்தாலும் மூன்று ஊர் ஆண்களும் சதுப்புக் காட்டுக்குள் போய்விட வேண்டும். அண்டை நாடுகள் உடன்படிக்கை செய்தால் அரசர்கள் பரிசு மாற்றிக்கொள்வார்கள் என்று சிஸ்டர் சரித்திரப் பாடத்தில் சொல்லியிருக்கிறார். தீமா மாச்சி கருவாடு கொண்டுவந்திருந்தார். ஆ செங் அதை முகர்ந்துவிட்டு, 'லா' போட்ட தன் தமிழில் சொன்னார்:

"கருவாடு நல்லா இருக்கு. மொதல்ல உங்க ஆட்டக் கட்டிப் போடுங்கலா, தங்கச்சி. அப்பறம் ஜப்பான்காரனப் பாத்துக்கலாம்."

வராத லாரி

என் மகள் தொட்டிலை நனைத்துவிட்டாள். ஈரத்துணியை வெயிலில் போடு என்று கான்வென்டில் பழகிய கை, யோசிக்காமல் அலசி வெளியே தொங்கவிட்டுவிட்டது. சற்று நேரத்தில் மேடே வெறிச்சோடியது. பால் பிடிக்கும் மங்குகள் எடுக்க ஆளில்லாமல் மரத்தோடு நின்றன. தீமா மாச்சியின் மகன் எருமையை ஆற்றிலேயே விட்டுவிட்டு ஓடியிருந்தான்.

மத்தியானம் சேறும் அட்டையுமாகத் திரும்பி வந்தவர்கள் முன்னால் அழுதுவிட்டேன். திட்டுவார்களே என்று அழவில்லை. இனி இந்தச் சிவப்பை யார் நம்புவார்கள், நிஜமாக வரும் நாளில் என் வீட்டுக்காரரும் நம்பாமல் நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் அழுதேன். ஆ செங் காலிலிருந்த அட்டையைப் பிய்த்துப் போட்டபடி சொன்னார்:

"அழாத தங்கச்சி. ஒவ்வொரு தடவையும் ஓடுவோம். மூத்திரத்துக்கு ஓடினா அட்டை கடிக்கும். ஓடாம நின்னா சயாம்லா."

முறுக்கிப் பிழிதல்

நிஜமாகவே அவர்கள் வந்த அன்று பாயும் இல்லை, வாளியும் இல்லை. லாரியைத் திகாம் பத்து சாலையிலேயே நிறுத்திவிட்டு, மரங்களுக்குள் நடந்தே வந்துவிட்டார்கள். கொட்டகை வாசலில் ஜப்பான் சிப்பாய்கள். கூடவே மொழிபெயர்க்க ஒரு தமிழர், கூலிம் பக்கத்துக்காரர். "ஆம்பளைங்க எந்த மர நிரையில வெட்டுறாங்க?" என்றார். பிள்ளைகளைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். மாரியம்மாவையும் மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டு தொட்டிலில் கை விட்டால், தினமும் நனைக்கிற என் மகள் அன்றைக்குப் பார்த்து மொட மொடவென்று காய்ந்து கிடக்கிறாள்.

நனைத்துவிட்டாள் என்பதுபோல் மூக்கைச் சுளித்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டிலை அவிழ்த்து வாளித் தண்ணீரில் அமுக்கினேன். முழுச்சேலை; ஒற்றைக் கையால் பிழிய வரவில்லை. இளைஞனான ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தான். இருவருமாக முறுக்கினோம். அவனே அதை வெளியே கொடியில் எட்டிப் போட்டு, சுருக்கத்தை நீவியும் விட்டான். மொழிபெயர்ப்பவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இவன் வீட்டுலயும் கைக்குழந்தை இருக்காம்."

நாலாவது ஊர்

நிரைகளில் அவர்களுக்கு ஒருவரும் அகப்படவில்லை. பொழுது சாய என் வீட்டுக்காரர் சேற்றோடு வந்து மகளை வாங்கிக்கொண்டார். சேற்றுக் காலில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். பின்னாலேயே ஆ செங். "இன்னைக்கு யாரோடது? பொண்ணா, முனியம்மா பையனா?" என்றார். யாருடையதும் இல்லை என்று, சிப்பாய் பிழிந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே காலிலிருந்த அட்டைகளைத் தேடி எடுத்தார். பிறகு எழுந்து சொன்னார்:

"அப்ப நம்ம கூட்டத்துல நாலாவது ஊரும் சேந்திருச்சு. ஆனா அவங்கிட்ட சொல்லாத, தங்கச்சி."

அவர்கள் மறுபடி வருவார்கள் என்பது தெரிந்துதான் விளக்கைத் தணித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கான்வென்டில் படித்த உடன்படிக்கைகள் எத்தனை காலம் நின்றன என்பது மறந்துபோயிற்று, எங்களுடையது மட்டும் பிள்ளைகள் தொட்டிலை நனைக்கிறவரை நிற்கும்.